ஒட்டகச்சிவிங்கிக்கு என்ன விலை

ஷார்ஜா, பதின்மூன்றாம் இண்டஸ்ட்ரியல் ஏரியா.
டைல்ஸ் கிடங்கின் இரவுக் காவல் நான்.
தூங்கக் கூடாது, கைப்பேசி பார்க்கக் கூடாது,
வெளியாளிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது:
கேபின் சுவரில் மூன்று மொழிகளில் ஒட்டியிருக்கிறார்கள்.
நூலைப் பற்றி விதி எழுத
இதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

கற்றது பகலில், கட்டிலின் மேல்தட்டில்,
வீடியோவை நிறுத்தி நிறுத்தி.
மாய வளையம் என்று ஒன்று.
விரலில் நூலைச் சுற்றி ஆறு கண்ணி போட்டு
வாலைப் பிடித்து இழுத்தால்
நடுவில் இருந்த ஓட்டை காணாமல் போகும்.
அது கைக்கு வரப் பத்தொன்பது நாள் ஆனது.
கீழ்த்தட்டு நரசய்யா
பனியனைக் கழற்றி வியர்வை பிழிந்தபடி கேட்டான்:
"ஸ்வெட்டரா பாய்? இந்த ஊரிலா?"
பிறகு மகளுக்கு ஒரு யானை கேட்டான்.
காசு கொடுக்கவில்லை.

கடை, மங்களேஸ்வரியின் யோசனை.
சாயல்குடி ஜெராக்ஸ் கடையில்
ஒரு ஆதார் அட்டைக்கும் அடுத்த பட்டாவுக்கும் நடுவே
இன்ஸ்டாகிராமில் திறந்துவிட்டாள்.
நான் பின்னுவேன், வெள்ளைச் சுவரில் சாய்த்துப் படம் பிடிப்பேன்.
அவள் ஆங்கிலத்தில் பேசுவாள்.
"சிஸ்டர், சோ க்யூட்" என்று அஜ்மானிலிருந்து வரும்.
அந்த சிஸ்டர்
கடலுக்கு அந்தப் பக்கம் நகல் எடுத்துக்கொண்டிருப்பாள்.
இந்தப் பக்கம் நான்
ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் இருப்பேன்.

சண்டை வந்தது விலையில்.
ஐம்பத்தாறு என்றேன்.
எப்படி என்றாள்.
சம்பளம் ஆயிரத்து இருநூறு, மாதம் இருபத்தாறு இரவு,
இரவுக்குப் பன்னிரண்டு மணி நேரம்.
வகுத்தால் மணிக்கு மூன்று திர்ஹம் எண்பத்தைந்து ஃபில்ஸ்.
சிவிங்கிக்குப் பதினோரு மணி.
நூலும் பஞ்சும் கண்ணும் பதினாலு.
கூட்டிப் பார்.

அவள் கூட்டவில்லை.
"அது கம்பெனி உங்களுக்குப் போட்ட விலை.
நீங்க போடுற விலை என்ன?"

எட்டு வருடமாக இங்கே
ஒரு லாரி டைல்ஸுக்கு என்ன விலை என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
அன்றைக்கு வாய் வரவில்லை.
அவளே போட்டாள்: நூற்று நாற்பது.

ஒன்பது நாள் யாரும் வரவில்லை.
பத்தாவது நாள் ஒருத்தி:
"இதே பொம்மை கடையில் இருபதுக்குக் கிடைக்கிறது."
மங்களேஸ்வரி எழுதினாள்: "ஆமாம், கிடைக்கும்."
அவ்வளவுதான். எனக்குத்தான் வயிறு கலங்கியது.

அதற்குள் ஒரு தப்பு நடந்தது.
அவசரத்தில் அனுப்பிய படம் ஒன்றில்
என் கை விழுந்துவிட்டது.
டைல்ஸ் பெட்டி விழுந்து கறுத்த நகம்,
மணிக்கட்டு வரை முடி.
"யார் கை இது, சிஸ்டர்?"
அழித்துவிடு என்று சொல்ல நான் போனை எடுப்பதற்குள்
பதில் போய்விட்டது:
"செய்யிறவர் கை."

மூன்று பேர் விலகிப் போனார்கள்.
மிர்டிஃப் ஹெஸ்ஸா என்பவர் மட்டும்
ஒரு சிவிங்கி கேட்டார், பேரம் இல்லாமல்.
ஒரே நிபந்தனை:
படத்தில் இருப்பது போல
இடது பின்னங்கால் கோணலாகவே இருக்க வேண்டும்.

கோணலா!
பெரிதாக்கிப் பார்த்தேன். கோணல்தான்.
எந்த வரிசையில், எந்தக் கண்ணியை விட்டேன்?
நேராகப் பின்னும் வித்தையை
வீடியோவில் சொல்லித் தருகிறார்கள்.
என் தப்பை
நான்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்று இரவு. நான்கு கால்.
எல்லாமே நிமிர்ந்து நின்று மானத்தை வாங்கின.
இன்று நாலு மணிக்கு லேசாகச் சாய ஆரம்பித்தது,
இருபத்தேழாவது கண்ணியில்.
வாசலில் ஹாரன்.
கக்கத்தில் காலோடு ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தேன்.
சோஹாரிலிருந்து வந்த வண்டி.
டிரைவர் காலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டான்.
திரும்பி வந்தால் இருபத்தேழா, இருபத்தெட்டா?

உருவிவிட்டேன், வரிசை முழுவதும்.
விடியும் முன் அவளிடம் சொன்னேன்.
உருவினதுக்கு எவ்வளவு நேரம் என்று கேட்கிறாள்.
அதையும் கணக்கில் எழுதணுமாம்.

பதிவேட்டில் வண்டி எண்ணுக்குக் கட்டம் இருக்கிறது,
உள்ளே வந்த நேரத்துக்கு, போன நேரத்துக்கு.
கடைசிப் பக்கத்தைத் திருப்பி
ஸ்கேல் வைத்து
நானே ஒரு கோடு போடுகிறேன்.